உணவுப்பாதைப் புற்றுநோயில் நார்த்திசு செல்களின் பங்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயாப்சி அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நோயாளிகளின் வீட்டார் கேட்டவையும், வகுப்பு முடிந்த பிறகு மருத்துவ மாணவர்கள் கேட்டவையும் கலந்து இங்கே இருக்கின்றன. நான் நோய்க்குறியியல் மருத்துவர். நாள் முழுக்க நுண்ணோக்கியில் கட்டிகளைப் பார்ப்பதுதான் வேலை. புற்றுநோய்ச் செல்லைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அதைச் சுற்றியிருக்கும் நார்த்திசுவைப் பற்றிக் கேட்பவர் குறைவு. ஆனால் கணையத்திலும் இரைப்பையிலும் பெருங்குடலிலும் நோய் எப்படிப் போகும் என்பதில் அந்தத் திசுவுக்குப் பெரிய பங்கு உண்டு.

அறிக்கையில் ‘டெஸ்மோபிளாஸ்டிக் ஸ்ட்ரோமா’ என்று இருக்கிறது. இது இன்னொரு நோயா?

இல்லை. கட்டி என்பது புற்றுநோய்ச் செல்களின் குவியல் மட்டுமல்ல. அந்தச் செல்களுக்கு இடையிலும் சுற்றிலும் ரத்தக் குழாய்கள், நோய் எதிர்ப்பு செல்கள், நரம்பிழைகள், கொலாஜன் நார்கள் எல்லாம் இருக்கும். இந்தச் சூழல் மொத்தத்துக்கும் ஸ்ட்ரோமா என்று பெயர். நார்களை உண்டாக்கும் செல்தான் ஃபைப்ரோபிளாஸ்ட். மெலிந்து நீண்டு, இரண்டு முனையும் கூராக, தறியில் ஓடும் நாடா போல இருக்கும். புற்றுநோய்ச் செல்கள் ஒரு திசுவுக்குள் புகுந்ததும் அங்கே புதிதாக அடர்ந்த நார்த்திசு எழும்பினால் அதை டெஸ்மோபிளாசியா என்கிறோம்.

எங்களுக்கு இது ஒரு தடயமும்கூட. பெருங்குடலின் உள்தோலிலிருந்து முளைக்கும் பாலிப் என்ற சதைத் திரளை எடுத்துப் பார்க்கும்போது சுரப்பிகள் இடம் மாறித் தெரிந்தால், அவை உண்மையிலேயே உள்ளே ஊடுருவினவா, வெறுமனே அழுத்தத்தில் நகர்ந்தவையா என்ற சந்தேகம் வரும். சுற்றிலும் இந்த நார்த்திசு இருந்தால் ஊடுருவல் என்பதற்கு அது வலுவான அடையாளம்.

நோயில்லாத குடலில் இந்தச் செல்களுக்கு என்ன வேலை?

நம் குடலின் உள்தோல் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. குடல் சுவரில் சிறு கிணறுகள் போன்ற குழிகள் உண்டு. அவற்றின் அடியில் இருக்கும் தண்டு செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும். பிறந்த செல்கள் மேலே ஏறி, முதிர்ந்து, உதிரும். எந்த இடத்தில் பிரிய வேண்டும், எந்த இடத்தில் நிறுத்தி முதிர வேண்டும் என்று சொல்வதில் குழியைச் சுற்றியிருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்களுக்குப் பெரும் பங்கு. அடியில் இருப்பவை ‘பிரி’ என்னும் வின்ட் சமிக்ஞையைத் தருகின்றன. மேலே இருப்பவை ‘போதும்’ என்னும் பிஎம்பி சமிக்ஞையைத் தருகின்றன. அந்தப் ‘போதும்’ அடிவரை எட்டிவிடாமல் தடுக்க, அடியில் இருக்கும் நார்ச் செல்கள் கிரெம்லின் என்ற புரதத்தைச் சுரக்கின்றன.

இடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பரம்பரை நோயே சாட்சி. சில அஷ்கெனாசி யூதக் குடும்பங்களில் கிரெம்லின் மரபணுவுக்கு அருகே ஒரு துண்டு இரட்டித்திருக்கிறது. அதனால் நார்ச் செல்கள் மட்டும் சுரக்க வேண்டிய கிரெம்லினை உள்தோல் செல்களே சுரக்கத் தொடங்குகின்றன. ‘போதும்’ என்ற சொல் மேலேயும் எடுபடாமல் போகிறது. விளைவு, குடல் நிறைய பாலிப்புகள், அவற்றில் சில புற்றுநோயாகின்றன. 2012இல் இந்தக் காரணம் வெளியானபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை. புரதம் அதேதான், பேசும் வாய் மட்டும் மாறியிருக்கிறது.

கட்டிக்குள் இருக்கும் இந்த நார்ச் செல்களும் புற்றுநோய்ச் செல்களா?

பெரும்பாலும் இல்லை. புற்றுநோய்ச் செல்லில் காணும் மரபணுப் பிறழ்வுகள் இவற்றில் பொதுவாக இருப்பதில்லை. இவை அந்த உறுப்பிலேயே வாழ்ந்து வந்த சாதாரணச் செல்கள். பக்கத்தில் வந்து குடியேறிய புற்றுநோய் அனுப்பும் சமிக்ஞைகளால் நடத்தை மாறியவை. ஆராய்ச்சியாளர்கள் இவற்றை ‘புற்றுநோய் சார்ந்த ஃபைப்ரோபிளாஸ்ட்’ என்பார்கள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘காஃப்’ என்று சுருக்குவது வழக்கம். நானும் இனி அப்படியே எழுதுகிறேன்.

நடத்தை எப்படி மாறுகிறது?

கையில் ஆழமாக வெட்டுப்பட்டால் சில நாளில் காயத்தின் ஓரங்கள் ஒன்றையொன்று நோக்கி இழுபடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இழுப்பைச் செய்வது தசை போலச் சுருங்கக் கற்றுக்கொண்ட ஃபைப்ரோபிளாஸ்ட். ஜெனிவாவில் கப்பியானியும் அவருடைய சகாக்களும் 1971இல் இதை விவரித்தார்கள். மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்று பெயர். காயம் ஆறியதும் இவை அடங்கிவிடும் அல்லது மடிந்துவிடும்.

கட்டிக்குள் அவை அடங்குவதில்லை. அமெரிக்க நோய்க்குறியியலாளர் ஹெரால்ட் டுவோராக் 1986இல் எழுதிய கட்டுரையில் கட்டிகளை ‘ஆறாத புண்கள்’ என்றார். புற்றுநோய்ச் செல்கள் டிஜிஎஃப்-பீட்டா போன்ற புண் ஆற்றும் சமிக்ஞைகளை விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. உடம்பு அதைக் காயம் என்று நம்பி நார் நெய்துகொண்டே இருக்கிறது. இந்தச் செல்கள் கெட்டவை என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் ஒப்பாது. அவை தங்களுக்குத் தெரிந்த ஒரே வேலையை, நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லாததால், செய்துகொண்டிருக்கின்றன.

எந்த உறுப்பில் நார்த்திசு மிக அதிகம்?

கணையத்தில். கணையப் புற்றுநோயில் கட்டியின் பெரும்பகுதியே ஸ்ட்ரோமாதான். சில கட்டிகளில் பத்தில் எட்டு ஒன்பது பங்குகூட இருக்கும். புற்றுநோய்ச் சுரப்பிகள் அந்த நார்க்கடலில் அங்கங்கே தீவுகளாகத் தெரியும். பித்தநாளப் புற்றுநோயும் கிட்டத்தட்ட அப்படித்தான். பெருங்குடலில் ஆளுக்கு ஆள் வேறுபடும், அதைப் பிறகு சொல்கிறேன்.

இரைப்பையில் ஒரு வகை உண்டு, அதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ‘லினைட்டிஸ் பிளாஸ்டிகா’ என்பார்கள். புற்றுநோய்ச் செல்கள் ஒரே இடத்தில் திரளாமல் சுவருக்குள் தனித்தனியாகச் சிதறிப் பரவும். அவற்றைச் சுற்றி நார்த்திசு எழும்பி, விரிந்து சுருங்க வேண்டிய இரைப்பை தோல் பைபோல விறைத்துவிடும். நோயாளி சொல்வது ‘ரெண்டு வாய் சாப்பிட்டாலே நிறைஞ்சுடுது’ என்பதாக இருக்கும். எண்டோஸ்கோப்பியில் இரைப்பையின் உள்தோல் ஏறக்குறைய சாதாரணமாகவே தெரியலாம். மேலோட்டமாக எடுத்த பயாப்சியில் புற்றுநோய் இல்லை என்றும் வரலாம். காரணம், செல்கள் ஆழத்தில், நாருக்குள் மறைந்திருக்கின்றன. எண்டோஸ்கோப்பி செய்த மருத்துவர் ‘காற்று செலுத்தியும் இரைப்பை விரியவில்லை’ என்று சொன்னால், முதல் பயாப்சி நல்லபடி வந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். ஆழமாக, பல இடங்களில், மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கணையத்தில் மட்டும் ஏன் இவ்வளவு?

அங்கே நட்சத்திரச் செல் என்ற தனி வகை இருக்கிறது. கல்லீரலில் இதன் உறவுக்காரச் செல்லை ஜெர்மன் உடற்கூறியலாளர் குப்ஃபர் 1876லேயே கண்டிருந்தார். கணையத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்து வளர்க்க முடிந்தது 1998இல்தான். சிட்னியில் மினோதி ஆப்தேவின் குழுவும், ஜெர்மனியில் பாஹெமின் குழுவும் ஒரே ஆண்டில் வெளியிட்டன. சும்மா இருக்கும்போது இந்தச் செல் தனக்குள் வைட்டமின் ஏ துளிகளைச் சேமித்து வைத்திருக்கும். மதுவோ தொடர் அழற்சியோ புற்றுநோயோ தூண்டினால் துளிகளை இழந்து, கொலாஜனைக் கொட்டத் தொடங்கும்.

இங்கே நம் பக்கத்துச் செய்தி ஒன்று. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இளம் வயதிலேயே கணையத்தில் கல் விழுந்து, வயிற்றுவலியும் சர்க்கரை நோயும் வரும் ‘வெப்பமண்டலக் கணைய அழற்சி’யை மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகப் பார்த்துவருகிறார்கள். அந்தக் கணையத்தை வெட்டிப் பார்த்தால் கல்லும் நாரும்தான் மிச்சம். இவர்களுக்குப் பிற்காலத்தில் கணையப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். எல்லோருக்கும் வரும் என்பதில்லை. ஆனால் பல வருடம் அடங்கியிருந்த வலி குணம் மாறினாலோ, காரணமில்லாமல் எடை இறங்கினாலோ, மஞ்சள் காமாலை வந்தாலோ ‘பழைய வலிதானே’ என்று தள்ளிப்போடாமல் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். புகையையும் மதுவையும் இவர்கள் அறவே விட வேண்டும்.

கீமோ மருந்து கட்டிக்குள் போகாததற்கு இந்த நார்ச்சுவர்தான் காரணமா?

ஒரு பகுதி காரணம். நாரும், தண்ணீரை உறிஞ்சிப் புடைக்கும் ஹயலுரானிக் அமிலமும் சேர்ந்து கட்டிக்குள் அழுத்தத்தை ஏற்றுகின்றன. சிறு ரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. குழாய் நசுங்கினால் மருந்து எப்படிப் போகும்? இந்தக் கேள்வியிலிருந்து எழுந்த நம்பிக்கையும், அது உடைந்த விதமும் இந்தத் துறையில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

2009இல் எலிகளில் ஒரு சோதனை நடந்தது. நார்ச் செல்களைத் தூண்டும் ‘ஹெட்ஜ்ஹாக்’ சமிக்ஞையை ஒரு மருந்தால் அடைத்து, கூடவே ஜெம்சிட்டபின் கீமோவும் கொடுத்தார்கள். நார் குறைந்தது, ரத்தக் குழாய்கள் கூடின, மருந்து உள்ளே போனது. சிகிச்சை தொடங்கிய பின் எலிகள் உயிரோடிருந்த இடைநிலைக் காலம் 11 நாளிலிருந்து 25 நாளாயிற்று. கணையப் புற்றுநோயில் நல்ல செய்தி கேட்டே பழகாத மருத்துவர்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பரவிய நோய் உள்ள மனிதர்களிடம் அதே மருந்தைச் சோதித்தார்கள். 2012 ஜனவரியில் சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. மருந்து சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்கள் கீமோ மட்டும் பெற்றவர்களைவிட முன்னதாக இறந்துகொண்டிருந்தார்கள்.

ஏன் என்பதற்கு 2014இல் இரண்டு ஆய்வுகள் ஒரே இதழில் பதில் தந்தன. ஒரு குழு எலிகளின் கட்டியிலிருந்து மயோஃபைப்ரோபிளாஸ்ட்களை அழித்தது. இன்னொன்று ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞையை மரபணு மட்டத்திலேயே நீக்கியது. இரண்டிலும் கட்டி மேலும் மூர்க்கமானது. செல்கள் முதிர்ச்சியற்றவையாகின, எலிகள் சீக்கிரம் இறந்தன. நார் கட்டிக்கு அரணாக இருந்தது உண்மை. அதே நார் கட்டியை மேலும் பாயவிடாமல் அடைத்துவைத்த வேலியாகவும் இருந்திருக்கிறது.

பிறகும் ஒரு முயற்சி நடந்தது. செல்களைத் தொடாமல் ஹயலுரானிக் அமிலத்தை மட்டும் கரைக்கும் என்சைம். ஆரம்பக் கட்டத்தில் நம்பிக்கை தந்தது. 494 பேரை வைத்து நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில், என்சைம் சேர்த்தவர்களின் இடைநிலை ஆயுள் 11.2 மாதம், கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு 11.5 மாதம். 2019இல் அந்தப் பாதையும் மூடப்பட்டது.

இந்த எண்களை நான் எழுதும்போது அவை எண்களாக மட்டும் எனக்குத் தெரிவதில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்ட மனிதர்கள் இருக்கிறார்கள். நார்த்திசுவை வெறுமனே அழிக்கக் கூடாது என்ற பாடத்தை நமக்குத் தந்தவர்கள் அவர்கள்.

அப்படியென்றால் இந்தச் செல்கள் நமக்கு உதவுகின்றனவா, கெடுக்கின்றனவா?

இரண்டும் செய்கின்றன, ஏனென்றால் அவை ஒரே வகை அல்ல. 2017இல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் டேவிட் டுவெசன் குழு கணையக் கட்டியில் இரண்டு வகைகளைப் பிரித்துக் காட்டியது. புற்றுநோய்ச் செல்லை ஒட்டி நிற்பவை தசைத்தன்மை கொண்டவை, நார் நெய்பவை. சற்றுத் தள்ளி நிற்பவை அழற்சி வகை. அவை நார் குறைவாகவும், ஐஎல்-6 போன்ற தூது மூலக்கூறுகளை அதிகமாகவும் சுரக்கின்றன. அந்தத் தூது புற்றுநோய்ச் செல்லை ஊட்டி வளர்ப்பதோடு, உடல் மெலிவதிலும் பங்கெடுக்கிறது. 2019இல் அதே குழு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தது, நோய் எதிர்ப்பு செல்களுக்கு ஆன்டிஜனைக் காட்டும் வகை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, ஒரு வகை இன்னொன்றாக மாற முடியும் என்பதுதான். டிஜிஎஃப்-பீட்டா கிடைத்தால் தசை வகை, ஐஎல்-1 கிடைத்தால் அழற்சி வகை. கொல்லாமல் திருப்பலாம் என்ற எண்ணத்துக்கு இதுவே ஆதாரம்.

இம்யூனோதெரபி சிலருக்குப் பலன் தராததிலும் இவற்றுக்குப் பங்கு உண்டா?

உண்டு. இம்யூனோதெரபி என்பது உடலின் நோய் எதிர்ப்பு செல்களைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் சிகிச்சை. அந்தச் செல்களில் புற்றுநோயைக் கொல்ல வேண்டிய டி செல்கள் பல கட்டிகளில் நார்த்திசுவின் விளிம்பிலேயே நின்றுவிடுவதை நுண்ணோக்கியில் கண்கூடாகப் பார்க்கலாம். வாசல்வரை வந்து உள்ளே போக முடியாதவர்களைப் போல. காஃப்கள் சுரக்கும் சிஎக்ஸ்சிஎல்12 என்ற மூலக்கூறும், டிஜிஎஃப்-பீட்டாவும் அந்தத் தடையில் சேர்கின்றன. 2018இல் பார்சிலோனாவில் எடுவார்ட் பட்லேயின் குழு, குடல் புற்றுநோய் உள்ள எலிகளில் டிஜிஎஃப்-பீட்டாவை அடைத்தபோது டி செல்கள் உள்ளே நுழைந்தன, இம்யூனோதெரபியும் பலித்தது. மனிதரில் இதே வெற்றி அன்றாடச் சிகிச்சையாக இன்னும் கைக்கு வரவில்லை.

பெருங்குடல் புற்றுநோயில் ‘சிஎம்எஸ்4’ என்கிறார்களே?

2015இல் பல நாட்டுக் குழுக்கள் சேர்ந்து பெருங்குடல் புற்றுநோய்களை மரபணு இயக்கத்தின்படி நான்காகப் பிரித்தன. சிஎம்எஸ்4 எனப்படும் நான்காவது வகை, ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, திரும்ப வரும் வாய்ப்பு அதிகமுள்ளது. முதலில் புற்றுநோய்ச் செல்களே குணம் மாறியதால்தான் அந்த மரபணுக்கள் ஒலிக்கின்றன என்று எண்ணினார்கள். அதே ஆண்டில் வந்த வேறு ஆய்வுகள், அந்தக் குரலில் பெரும்பகுதி புற்றுநோய்ச் செல்லுடையதே அல்ல, கட்டியில் நிறைந்திருந்த ஃபைப்ரோபிளாஸ்ட்களுடையது என்று காட்டின.

இதற்கு விலையுயர்ந்த மரபணுச் சோதனைதான் வேண்டும் என்பதில்லை. நெதர்லாந்தின் லைடனில் 2007 முதல் சொல்லிவரும் எளிய முறை ஒன்று உண்டு. வழக்கமான சாயம் ஏற்றிய அதே கண்ணாடித் தகட்டில், கட்டியின் பரப்பில் பாதிக்கு மேல் ஸ்ட்ரோமா இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது. பாதிக்கு மேல் என்றால் போக்கு சற்று மோசம். எங்கள் ஊர்களின் சிறிய ஆய்வகங்களிலும் செலவில்லாமல் செய்யக்கூடியது. அறிக்கைகளில் இது இன்னும் பரவலாக எழுதப்படாதது எனக்கு வருத்தம்.

கல்லீரலுக்குப் பரவுவதிலும் நார்ச் செல்களுக்குத் தொடர்பு உண்டா?

விதை விழும் நிலமும் தகுந்ததாக இருக்க வேண்டும் என்று லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீஃபன் பேஜட் 1889லேயே எழுதினார். கணையக் கட்டி அந்த நிலத்தை முன்கூட்டியே உழுதுவைக்கிறது என்று 2015இல் எலிகளில் தெரிந்தது. கட்டி விடும் நுண்பொதிகளைக் கல்லீரலில் குடியிருக்கும் நோய் எதிர்ப்பு செல்களான குப்ஃபர் செல்கள் விழுங்கி, அங்குள்ள நட்சத்திரச் செல்களைத் தூண்டுகின்றன. அவை ஃபைப்ரோநெக்டின் என்ற பசையைப் பரப்புகின்றன. பின்னால் வரும் புற்றுநோய்ச் செல் அதில் ஒட்டிக்கொள்கிறது.

‘ஃபேபி’ ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். அது என்ன?

காஃப்களின் மேற்பரப்பில் எஃப்ஏபி என்ற புரதம் அதிகம். அதில் ஒட்டும் மூலக்கூறோடு கேலியம்-68 கதிரியக்கத்தை இணைத்து எடுக்கும் பெட் ஸ்கேன் இது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் உருவாகி 2018இல் வெளியானது. வழக்கமான பெட் ஸ்கேன் புற்றுநோய்ச் செல்லின் சர்க்கரைப் பசியைக் காட்டும், இது நார்ச் செல்லைக் காட்டும். மேலே சொன்ன விறைத்த இரைப்பை வகையும், வயிற்று உறையில் பொடியாகப் பரவிய நோயும் சர்க்கரை ஸ்கேனில் மங்கலாகத் தெரியும் இடங்களில் இது பளிச்சென்று காட்டக்கூடும். ஆனால் கணைய அழற்சி, ஆறிக்கொண்டிருக்கும் அறுவைத் தழும்பு, மூட்டுவாதம் எல்லாமும் இதில் ஒளிரும். ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் என்று பயந்துவிட வேண்டாம்.

வைட்டமின் டி மாத்திரையோ ரத்த அழுத்த மாத்திரையோ நாரைக் கரைக்கும் என்று படித்தேன். எடுக்கலாமா?

நீங்களாக எடுக்காதீர்கள். படித்தது முழுப் பொய்யும் அல்ல. வைட்டமின் டி போன்ற ஒரு மருந்து எலிகளின் நட்சத்திரச் செல்களை மீண்டும் அடங்கிய நிலைக்குக் கொண்டுபோனதை 2014இல் காட்டினார்கள். ரத்த அழுத்தத்துக்கான லோசார்ட்டானைக் கீமோவோடும் கதிர்வீச்சோடும் சேர்த்து, அறுவைக்கு எட்டாத கட்டி இருந்த 49 பேருக்குக் கொடுத்த பாஸ்டன் ஆய்வு 2019இல் வெளியானது. அவர்களில் பலருக்குக் கட்டியை முழுமையாக வெட்டியெடுக்க முடிந்தது. ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. எனவே பலன் மாத்திரையாலா, கீமோவாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கீமோவின்போது வாந்தியும் பேதியும் ஏற்கனவே ரத்த அழுத்தத்தை இறக்கும். அதன்மேல் லோசார்ட்டானைத் தன்னிச்சையாக விழுங்கினால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். வைட்டமின் டியும் அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடும்.

‘ஜிஸ்ட்’ கட்டி இந்த நார்ச் செல்லிலிருந்து வருவதா?

இல்லை. இரைப்பை, குடல் சுவரில் எழும் அந்தக் கட்டியின் செல்களும் நுண்ணோக்கியில் நாடா வடிவில்தான் தெரியும், அதனால் வரும் குழப்பம். ஜிஸ்ட், குடலின் அசைவுக்குத் தாளம் கொடுக்கும் கஹால் செல் வகையைச் சேர்ந்தது. அங்கே நாடா வடிவச் செல்லே புற்றுநோய்ச் செல். பெரும்பாலானவற்றில் கிட் மரபணுப் பிறழ்வு இருக்கும், இமாட்டினிப் மாத்திரை நன்றாக வேலை செய்யும். இரண்டையும் ஒன்றாக எண்ண வேண்டாம்.

கீமோ முடிந்து அறுவையும் ஆனது. இப்போது வந்த அறிக்கையிலும் ‘ஃபைப்ரோசிஸ்’ என்று இருக்கிறது. நோய் கூடிவிட்டதா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் முகங்களில் உள்ள பயத்தை நான் அறிவேன். பெரும்பாலும் பதில் நேர்மாறானது. கீமோவோ கதிர்வீச்சோ புற்றுநோய்ச் செல்களைக் கொன்ற இடத்தை உடம்பு வெறுமையாக விடாது, நார்த்திசுவால் நிரப்பும். உணவுக்குழாய்ப் புற்றுநோயில் பிரெஞ்சு மருத்துவர் மாண்டார்ட் 1994இல் தந்த ஐந்து படி அளவுகோல் இதைத்தான் அளக்கிறது. எஞ்சிய புற்றுநோய்ச் செல் எவ்வளவு, அந்த இடத்தைப் பிடித்த நார் எவ்வளவு என்பதே கணக்கு. ஐந்தாம் படி என்றால் சிகிச்சை அசைக்கவே இல்லை. முதல் படி என்றால் தகடு தகடாகத் தேடியும் புற்றுநோய்ச் செல் இல்லை, முன்பு கட்டி இருந்த இடம் முழுக்க நார் மட்டும். உங்கள் அறிக்கையில் அந்தப் படியின் எண் என்ன என்று பாருங்கள். எழுதப்படவில்லை என்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.